ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால்: கராஜில் விமானம் கட்டும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கராஜ் விமானக்காரர்களே,

வணக்கம். அமெரிக்காவில் பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாலும் ராத்திரியில் ரிவெட் துப்பாக்கியோடும் காலம் தள்ளுகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன். ஓஹாயோவில் என் வீட்டு கராஜில் இரண்டு கார் நிற்கலாம், ஆறு வருஷமாக ஒன்றுகூட நின்றதில்லை. இறக்கை, வால், உடல் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் கையில் பிடிக்கிற ஸ்டிக்கையும் காலில் மிதிக்கிற பெடலையும், இறக்கையில் அசையும் ஏலரான், வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இட வலம் திருப்பும் ரடர் ஆகிய பலகைகளோடு இணைத்து அளவு பிடிக்கிற வேலைக்கு, அதாவது ரிக்கிங்குக்கு, வந்து சேர்ந்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ரிக்கிங்கை நீங்களே பார்த்து, நீங்களே சரி என்று கையெழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த நாட்டுச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் சுதந்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வேலையில் பாதிக்கு மேல் நாமே செய்திருந்தால் போதும், எக்ஸ்பெரிமென்டல் என்று எழுதி ஒட்டிப் பறக்கலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. சார்பில் ஒருவர் ஒருநாள் வந்து பார்ப்பார், சான்றிதழ் தருவார். அதற்கப்புறம் ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வருஷாவருஷம் செய்யும் பரிசோதனையையும் கட்டினவரே செய்துகொள்ளலாம். முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பையும் பெரும்பாலும் நாமேதான் ஓட்டுகிறோம். கேள்வித்தாள் எடுத்தவன், பரீட்சை எழுதியவன், திருத்தியவன் மூன்று பேரும் ஒரே ஆள். பிரிட்டனில் அப்படி இல்லை. கன்ட்ரோல்களில் கை வைத்தால் இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், வீட்டில் கட்டின விமானமாக இருந்தாலும். கனடாவிலும் கன்ட்ரோல் வேலைக்கு இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற விதி உண்டு.

என் கதையைச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருஷம் எலிவேட்டர் ட்ரிம்முக்கு, அதாவது ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இராமல் மூக்கை ஒரே நிலையில் வைக்க எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் டேப் என்ற சின்னப் பலகைக்கு, மோட்டார் வைத்தேன். சின்ன வேலை, இரண்டே ஒயர். வால் பக்கம் என் பெண்ணை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து "மூக்கு மேலே" பட்டனை அழுத்தி, "டேப் எந்தப் பக்கம் போகுதும்மா?" என்றேன். "மேலே போகுதுப்பா" என்றாள். சரி என்று செக்லிஸ்ட்டில் டிக் அடித்துவிட்டேன். மூன்று வாரம் அது அப்படியே இருந்தது.

அவள் பார்த்தது சரி. நான் புரிந்துகொண்டதுதான் தப்பு. எங்கள் ஏர்ஃபீல்டில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வேறு ஏதோ ஒரு ஸ்பானர் கேட்டு வந்தவர் சும்மா பட்டனை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டேப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "இப்போது நான்தான் காற்று" என்று லேசாக அழுத்தினார். மேலே தூக்கிக்கொண்டிருந்த டேப்பை அவர் கை அழுத்தியதும் எலிவேட்டர் முழுக்கக் கீழே இறங்கியது. எலிவேட்டர் கீழே போனால் விமானத்தின் மூக்கும் கீழே. மூக்கு ஏற வேண்டுமென்றால் டேப் கீழே போக வேண்டும், அது எலிவேட்டரை மேலே தள்ள வேண்டும். இதைப் புத்தகத்தில் நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் கராஜில் நின்றபோது டேப்பை ஒரு குட்டி எலிவேட்டராக நினைத்துக்கொண்டு "மேலே என்றால் மேலேதான்" என்று விட்டுவிட்டேன். தரையை விட்டு எழும்பினதும் மூக்கு இறங்குகிறதே என்று அந்தப் பட்டனை அழுத்தியிருப்பேன், இன்னும் இறங்கியிருக்கும், பயத்தில் இன்னும் அழுத்தியிருப்பேன். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுச் சரிசெய்ய நாலு நிமிஷம் ஆனது.

இது கராஜ்காரர்களுக்கு மட்டும் நடக்கிற தப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் 1947 ஆகஸ்ட் 23 அன்று இறந்தது அவரே வடிவமைத்த ஏவ்ரோ டியூடர் விமானத்தில்தான். அதற்கு முன் நடந்த பராமரிப்பில் ஏலரான் கேபிள்களை மாற்றி இணைத்துவிட்டார்கள். எழும்பிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய காலம் என்பீர்கள். 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் பெரிய பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா எம்ப்ரேயர் ஜெட்டிலும் அதே கதை, ஏலரான் கேபிள்கள் மாறியிருந்தன. கிளம்பும் முன் செய்த சோதனையில் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி, போர் விமானங்கள் வழிகாட்ட, பேஜா தளத்தில் மூன்றாவது முயற்சியில் இறக்கினார்கள். படித்த மெக்கானிக்குகள், கம்பெனி, கையேடு, கையெழுத்து எல்லாம் இருந்த இடத்திலேயே இது நடக்கும் என்றால், ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிளைத் திருகுகிற நாம் எம்மாத்திரம்?

கோளாறு எங்கே என்றால், மாறிப்போன கன்ட்ரோலும் அருமையாக ஓடும். ஸ்டிக்கை நாலு மூலைக்கும் கொண்டுபோய்ப் பார்ப்போம், எங்கேயும் இடிக்காது, "ஃப்ரீயாக இருக்கிறது" என்று திருப்தியாகிவிடுவோம். தடையில்லாமல் போவது வேறு, சரியான பக்கம் போவது வேறு. ஏலரானுக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம் சாய்த்தால் கட்டைவிரல் எந்த இறக்கையைக் காட்டுகிறதோ அந்த இறக்கையின் ஏலரான்தான் மேலே எழ வேண்டும். ரடருக்கு வலது பெடலை மிதித்தால் அதன் பின்விளிம்பு வலப்பக்கம் போக வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பார் பழக்கம் இங்கே குழப்பும், வலது கையைத் தள்ளினால் சைக்கிள் இடப்பக்கம் திரும்புமே.

இரண்டாவது ஆளைக் கூப்பிட்டால் அவரிடம் "சரியாத்தானே இருக்கு?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். உங்கள் டிக் அடித்த செக்லிஸ்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். அவர் உள்ளே உட்காரட்டும், நீங்கள் வெளியே தூர நில்லுங்கள், எது எந்தப் பக்கம் போனால் விமானம் என்ன செய்யும் என்று அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். என் பெண் மாதிரி பார்த்ததைச் சொல்பவர் மட்டும் போதாது, விமானம் தெரிந்த ஆளாக வேண்டும்.

அப்புறம் அவர் டார்ச்சோடு உள்ளே குனியட்டும். டர்ன்பக்கிளின் இரு முனையிலும் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியாமல் இருக்கிறதா, சேஃப்டி ஒயர் போட்டிருக்கிறதா. சுழலும் மூட்டுகளில் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறோமா, அங்கே பின் செருகிப் பூட்டுகிற காஸில் நட்டும் காட்டர் பின்னும்தான் வேண்டும். ஸ்டிக்கின் அசைவைக் கடத்தும் புஷ்ராடு என்ற கம்பியின் முனையில் இருக்கும் பேரிங்கின் உருண்டை கழன்றாலும் ராடு போல்ட்டை விட்டுப் போகாதபடி பெரிய வாஷர் இருக்கிறதா. ஸ்டிக்கின் வழியில் ஹெட்செட் ஒயர் தொங்குகிறதா. பக்கத்து சீட்டில் குண்டான ஆள் உட்கார்ந்தால் தொடையில் இடிக்குமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு வயிறு உள்ள நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பதே வழி, எனக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

குளிர் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியம் விரிந்து சுருங்குவதில் கார்பன் ஸ்டீல் கேபிளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஹீட்டர் போட்ட ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், கேபிள் இறுக்கத்தை அளக்கும் டென்ஷன்மீட்டர் வைத்துக் கச்சிதமாக இறுக்கிவிட்டு, ஜனவரியில் வெளியே தள்ளினால் உடல் சுருங்கி கேபிள் தொய்ந்துவிடும். அதனால்தான் கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ற அட்டவணை போட்டிருக்கிறார்கள். பெயின்ட் அடித்த பிறகு ஏலரான், எலிவேட்டர் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதே ரகம், பின்விளிம்பில் ஏறும் கொஞ்சம் பெயின்ட் எடைகூட ஃப்ளட்டர் என்ற நடுக்கத்துக்கு வழிவிடும்.

"எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டுப்பாடே வேண்டாமென்றுதானே எக்ஸ்பெரிமென்டலுக்கு வந்தேன்" என்று சிலர் சொல்வீர்கள். நியாயம்தான், நானும் புதுச் சட்டம் கேட்கவில்லை. வீட்டில் விமானம் கட்டுபவர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ.வின் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் காசு வாங்காமல் வந்து பார்க்கிறார்கள். கூப்பிடாமல் இருப்பதற்கு நம்மில் பலருக்கு நேரமின்மை காரணமில்லை. வந்து குறை கண்டுபிடித்துவிடுவாரோ என்ற கூச்சம். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவர்களுக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்து முதல் விமானம் கட்டியவர்கள்கூட அண்ணன் தம்பி இரண்டு பேர், எதற்கெடுத்தாலும் ஒருவரோடு ஒருவர் வாதாடியவர்கள். நாம் கராஜில் ஒற்றை ஆள்.

இறக்கையைக் கழற்றி ஹாங்கருக்குக் கொண்டுபோய் மறுபடி மாட்டுகிறேன், ஆகவே என் ரிக்கிங்கும் முதலிலிருந்து. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டும் தூரத்தில் இருப்பவர்கள் வாருங்கள், விமானம் தெரிந்திருந்தால் போதும், என் வரைபடத்தைப் பார்த்திராதவராக இருந்தால் இன்னும் நல்லது. ட்ரிம் பட்டனிலிருந்தே ஆரம்பியுங்கள். மெதுவடையும் ஃபில்டர் காபியும் என் பொறுப்பு.

அன்புடன்,
இன்னும் பறக்காத ஒருவன்