திரும்பி நின்று எடுத்த படங்கள்

கடலூர்
மாசி மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள செல்வம்,

உன் பழைய ஃபிலிம் ஸ்லைடுகள் அடங்கிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கொச்சியின் ஈரக்காற்று சில ஸ்லைடுகளில் பூஞ்சையாகப் படிந்திருக்கிறது. பயப்படாதே, பெரும்பாலும் ஓரத்தோடு நின்றுவிட்டது. மேலே படிந்ததை மெதுவாகத் துடைத்து எடுத்துவிடலாம். உள்ளே இறங்கியதை ஸ்கேன் செய்த பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்ய வேண்டும். மகன் ஸ்டுடியோவைக் கல்யாண வீடியோ வேலைக்கு மாற்றிக்கொண்டபோதும், ஃபிலிம் ஸ்கேனரை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது இப்போது உனக்காக உழைக்கிறது.

வசந்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குள் தடி இல்லாமல் நடக்கிறாள். மாடிப்படிதான் இன்னும் கஷ்டம். பேத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலமானால் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உன் படங்களைப் பார்க்கிறாள். "இந்தத் தாத்தா உலகம் பூராவும் சாயங்காலத்தையே தேடிப் போனாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எத்தனை துறைமுகம், எத்தனை அஸ்தமனம்! கப்பலில் எஞ்சின் அறை வேலை முடிந்து மேலே வந்து கேமராவைத் தூக்கியிருக்கிறாய் என்பது ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது. வெயிலையே பார்க்காத ஒரு மனிதனின் ஆசை அதில் இருக்கிறது. லிஸ்பனில் அடுத்தடுத்து எடுத்த படங்களையும் கேப்டவுனில் அப்படி எடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லிஸ்பனில் சூரியன் வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது, கேப்டவுனில் இடப்பக்கமாக. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு சாய்வு, தெற்கே எதிர்ச்சாய்வு. படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒரே மனிதன் ஒரே கேமராவில் எடுத்த படங்களில் அதைக் காணும்போது பூமி உருண்டை என்பது கைக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூர்ப் படங்களில் சாய்வே இல்லை, நேராக இறங்குகிறது. அந்தப் பக்கத்தில் சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொட்டால், முழுதாக மறைய இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம்தான் கூட ஆகும். அதற்குள் நீ இத்தனை படம் எடுத்திருக்கிறாய்.

ஹொனலூலு படத்தில் சூரியன் தட்டையாக நசுங்கி இருப்பது லென்ஸின் கோளாறா என்று எழுதியிருந்தாய். இல்லை. அடிவானத்தருகே காற்று ஒளியை வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. மேல்விளிம்பைவிடக் கீழ்விளிம்பை அதிகமாகத் தூக்குவதால் அப்படி நசுங்கித் தெரிகிறது. அந்தத் தூக்கல் கிட்டத்தட்ட சூரியனின் குறுக்களவு அளவுக்கே இருக்கும். ஆக, சூரியன் கடலைத் தொடுகிறது என்று நீ பொத்தானை அழுத்திய நேரத்தில், அது உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. காற்று இல்லாத உலகமாக இருந்தால் உன் படத்தில் வெறும் கடல்தான் இருந்திருக்கும்.

சூரியன் மறையும் கணத்தில் மின்னும் அந்தப் பச்சை ஒளி ஒரு ஸ்லைடிலும் விழவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். கடைசி விளிம்பு மறையும்போது ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு விநாடி வருவது. தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நீண்ட டெலி லென்ஸ் இல்லாவிட்டால் ஒரு புள்ளியாகக்கூட விழாது. 1950-களில் வத்திக்கான் வானாய்வகத்தில் ஓ'கானல் என்ற பாதிரியார் உடன் இருந்தவரைக் கொண்டு தொலைநோக்கி வைத்துத்தான் அதை வண்ணப் படங்களாகப் பிடிக்கச் செய்து, 1958-இல் ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார். நீ கண்ணால் பார்த்திருக்கிறாய். அது போதும்.

இப்போது முக்கியமான ஒன்று. அட்டைச் சட்டத்தில் 1992 பிப்ரவரி என்று அச்சாகியிருக்கும் ஒரு ஸ்லைடு. நடுக்கடல். சூரியன் எப்போதோ போய்விட்டது. கீழே ஆரஞ்சு, அதற்கு மேலே வானம் முழுக்க ஊதா. அட்டையில் உன் கையெழுத்தில் "ஃபிலிம் கெட்டுவிட்டது" என்று எழுதி வைத்திருக்கிறாய். செல்வம், அந்த ஃபிலிம் கெடவே இல்லை. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினட்டுபோ எரிமலை வெடித்தது. சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டை ஆக்சைடு வானத்தின் மேலடுக்குக்குப் போய், நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறி, சில மாதங்களில் உலகம் முழுவதும் பரவியது. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து வரும் சிவப்பும், சுற்றியுள்ள வானத்தின் நீலமும் கலந்ததுதான் உன் ஊதா. சூரியன் நாலைந்து பாகை கீழே இறங்கிய பிறகுதான் அது நன்றாகத் தெரியும். கூட இருந்தவர்கள் எல்லாம் சாப்பிடப் போன நேரத்தில் நீ மட்டும் டெக்கில் நின்றிருக்கிறாய் என்று நினைக்கிறேன். பெட்டியில் இருப்பதிலேயே அரிய படம் இதுதான். பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன், கூடத்தில் மாட்டு.

இதே மாதிரி 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது உலகமெல்லாம் அந்திகள் பற்றி எரிந்தன. அன்றைக்கு வண்ணத்தைப் பிடிக்கக் கேமராவால் முடியாது. லண்டன் செல்சியில் தேம்ஸ் நதிக்கரையில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் வண்ணக் கட்டிகளை வைத்துக்கொண்டு, வானம் மாற மாற வேகமாகத் தீட்டித் தள்ளினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் சிலவற்றை ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் 1888-இல் வெளியிட்ட எரிமலை அறிக்கையில் அச்சிட்டார்கள். உன் ஸ்லைடைப் பார்த்த அன்று எனக்கு அந்த மனிதரின் நினைவாகவே இருந்தது. ஃபிலிம் இல்லாத காலத்தில் அவர் செய்த வேலையைத்தான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம்.

இத்தனை படங்களையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. சூரியனைப் பிடித்த படங்களைவிட, நீ அதற்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தவைதான் நெஞ்சில் நிற்கின்றன. உதாரணத்துக்கு நார்வேயின் நார்விக் துறைமுகம். அறுபத்தெட்டாம் பாகைக்கு மேல், ஜூன் நள்ளிரவு. ஸ்வீடனிலிருந்து ரயிலில் வந்த இரும்புத் தாதை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சூரியன் படத்திலேயே இல்லை. எதிரே மலையுச்சிகள் மட்டும் ஆரஞ்சாக நிற்கின்றன, கீழே தண்ணீர் நிழலில் கிடக்கிறது. இன்னொன்று, டெக்கில் உன் சகாக்கள் வரிசையாக நின்று மேற்கே பார்க்கும் படம். எல்லார் முகத்திலும் அந்த வெளிச்சம். கிரீஸ் படிந்த ஒரு சட்டைகூடப் பொன்னாக இருக்கிறது. ஸ்டுடியோவில் நான் எத்தனை விளக்கு போட்டாலும் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது. தாழ்ந்த வெயில் காற்றில் வெகுதூரம் நடந்து, தன் நீலத்தையெல்லாம் வழியில் சிதறவிட்டு வருவதால் உண்டாகும் கனிவு அது.

உன் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய உலுரு பாறைப் படமும் அப்படித்தான். அந்த ஊரில் அஸ்தமனம் பார்க்க என்று கூடுகிறவர்கள் சூரியனைப் பார்ப்பதில்லை. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, 348 மீட்டர் உயரப் பாறை காவியிலிருந்து தணல் சிவப்புக்கு மாறுவதைப் பார்க்கிறார்கள். அவள் கிரேக்கத் தீவான சாண்டோரினியில், ஓயா என்ற ஊரில் எடுத்தவற்றிலும் கடலில் மூழ்கும் சூரியன் எல்லாரும் எடுப்பதுதான். திரும்பி நின்று ரோஜா நிறமாகிவிட்ட வெள்ளைச் சுவர்களை எடுத்தாளே, அது அவளுடையது. அப்பனின் கண் இருக்கிறது என்று சொல்.

நீ மேற்குக் கடல்களையே பார்த்துப் பழகிவிட்டாய். இப்போதும் கொச்சி பால்கனியில் தினம் அதே தரிசனம். நான் பிறந்ததிலிருந்து கிழக்குக் கடல்காரன். நம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய் விழும். கடலில் ஒன்றும் நடக்காது என்றுதான் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். சரியாக அப்போதுதான் நடக்கிறது! மேகம் இல்லாத நாளில் கடலின் விளிம்பிலிருந்து கருநீலமாக ஒரு பட்டை எழும்பும். அது பூமியின் நிழல், நம் காற்றின் மேலேயே விழுவது. அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. பெல்ட் ஆஃப் வீனஸ் என்கிறார்கள். மேற்கே சூரியன் இறங்க இறங்க நிழல் கிழக்கே ஏறி, கால் மணி நேரத்தில் இரவோடு கலந்துவிடும். சின்ன வயதில் நாம் அங்கேதான் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம். இந்தக் கடிதத்தோடு ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன், பார்.

கூடவே இன்னொரு படமும் வைத்திருக்கிறேன், அது நான் எடுத்ததில்லை. செவ்வாய்க் கிரகத்தில் கேல் பள்ளத்திலிருந்து நாசாவின் கியூரியாசிட்டி வண்டி 2015 ஏப்ரலில் எடுத்தது. அங்கே பகல்வானம் மங்கிய பழுப்பு. அஸ்தமனத்தில் சூரியனைச் சுற்றி நீலம். தூசி அவ்வளவு நுண்மையாக இருப்பதால், நீலம்தான் சூரியன் இருக்கும் திசையோடு ஒட்டி வருகிறதாம். நமக்கு நேர்மாறு. சூரியனும் இங்கே தெரிவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். பேத்தி அதைத் தன் மேஜைக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது போனில் எடுக்கிறாய் அல்லவா, இரண்டு விஷயம் மட்டும் செய். நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே, வெயில் அடையாளத்தில் வை. இல்லாவிட்டால் போன் அந்தச் சிவப்பைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும். வெளிச்சத்தைச் சூரியனில் அளக்காமல் அதன் பக்கத்து வானத்தில் தொட்டு அளந்துகொள். அப்புறம், சூரியன் மறைந்ததும் உள்ளே போய்விடாதே. ஒரு தடவை கிழக்கே திரும்பிப் பார்.

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போகலாமா? ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க, மறுபக்கம் நிலா கடலிலிருந்து ஏறும். வசந்தாவும் அதற்குள் நன்றாக நடந்துவிடுவாள். நீ மல்லிகா தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ரயிலில் வந்துவிடு, நாங்கள் இங்கிருந்து வந்துவிடுகிறோம். இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் இந்த வாரமே பதில் போடு.

பதிலில் மறக்காமல் எழுத வேண்டியவை: டெக் படத்தில் இடது ஓரத்தில் தலைப்பாகையோடு நிற்பவர் யார்? 1992 ஸ்லைடு எடுத்தபோது கப்பல் எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது? பிரிண்டின் பின்னால் எழுதி வைக்க வேண்டும்.

அன்புடன்,
மாணிக்கம்