லிப்ட் எப்போது ஓடும்? வைத்தியசாலைக் கட்டடத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் எங்கள் வைத்தியசாலையின் நான்கு மாடி நோயாளர் விடுதிக் கட்டடம், திறப்பு விழா நடந்த பிறகும் லிப்ட் இல்லாமல் கிடக்கிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பழையதைக் கிளறவில்லை. கேட்பது ஒன்றே: லிப்ட் எப்போது ஓடும் என்று திகதி போட்ட வேலைத்திட்டத்தைத் தமிழில் வாசலில் ஒட்டுங்கள்.

போன கிழமை படுவான்கரையிலிருந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியைக் கொண்டுவந்தார்கள். விடுதி மூன்றாம் மாடியில். தள்ளுவண்டி படியேறாது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள்: இரண்டு மகன்மார், ஒரு சிற்றூழியர், அவர்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர். படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. தலைப்பக்கத்தைக் கைபிடிச் சுவருக்கு மேலால் உயர்த்திச் சரித்தார்கள். அப்போது அந்த அம்மா கத்தியது கீழே மருந்து எடுக்கும் வரிசை வரை கேட்டது. மகள் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி பின்னால் ஏறினார். பக்கத்தில்தான் லிப்டுக்கு விட்ட இடம். வாசலுக்குக் குறுக்கே இரண்டு பலகை அடித்திருக்கிறது. அடியில் மாரித் தண்ணீர் வற்றாமல் கிடந்து நுளம்பு பெருகுகிறது.

கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வை பார்த்தே பிழைத்தவன் நான். 1957இல் டுபொன்ட் நிறுவனத்தில் உருவான கிரிட்டிக்கல் பாத் முறையை நீங்களும் படித்திருப்பீர்கள். எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழுக் கட்டடமும் ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளின் தொடரைக் கண்டுபிடித்து அதிலேயே கண்ணாக இருப்பதுதான் அந்த முறை. உள்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது இரண்டு கிழமை பிந்தினால் சமாளிக்கலாம். லிப்ட் அப்படியல்ல. குழியின் ஆழமும் கதவின் அகலமும் வாங்கும் லிப்டைப் பொறுத்தவை. ஆகவே அத்திவாரம் வெட்டும்போதே அது முடிவாகியிருக்க வேண்டும். அப்புறம் வரைபட அனுமதி, தொழிற்சாலையில் தயாரிப்பு, கப்பல், சுங்கம், பொருத்துதல், பரிசோதனை என்று மாதக்கணக்கில் போகும். நான்காவது தட்டுக்குக் கொங்கிறீட் போட்ட பிறகு அதைப் பற்றி யோசிப்பது திட்டமிடலா?

இந்த மாவட்டத்தில் எத்தனை கட்டடங்களுக்கு இதே கதி! நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. எங்கள் மழையும் அப்போதுதான் உச்சத்தில் நிற்கிறது. வெயில் காலம் முழுக்கக் கோப்பு நகராது. காசு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் கார்த்திகை, மார்கழி மழைக்குள் அவசரமாகக் கொங்கிறீட் கொட்டுகிறார்கள். திறப்பு விழாவுக்கு மட்டும் நாள் குறிக்கத் தெரிகிறது. எங்கள் கட்டடத்தைத் திறந்த அன்று அந்த லிப்ட் வாசலை மறைத்துத்தான் தோரணம் கட்டியிருந்தார்கள். கல்வெட்டில் அத்தனை பெயர் இருக்கிறது, வேலையை முடித்துத் தரப் பொறுப்பானவர் யார் என்று மட்டும் இல்லை.

சரி, கோபத்தை அடக்கிக்கொண்டு தயவாகவே கேட்கிறேன். லிப்டுக்கு ஓடர் கொடுத்தாயிற்றா, எப்போது வந்து சேரும், எப்போது ஓடும், பொறுப்பு யார் என்பதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திருத்துங்கள். பிந்தினால் ஏன் பிந்தியது என்றும் எழுதுங்கள். அதுவரை எலும்பு முறிவு நோயாளிகளைக் கீழ்த் தளத்தில் வைத்துப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். குழித் தண்ணீரை இந்தக் கிழமையே இறைத்துவிடலாம், அதற்கு ஒரு பம்ப் போதும்.

இப்படிக்கு,
வைத்தியசாலைக்கு அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேலைத்தள மேற்பார்வையாளர்