காட்டுச் சேவலை ஏசாதே

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு ஈப்போவுக்கே மாற்றல் கிடைத்ததில் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான், அதை விடு.

செம்பனைக் காட்டுச் சேவல் வந்து உன் பெட்டைகளின் வம்சத்தையே கெடுத்துவிட்டது, குஞ்சுகள் கையில் அகப்படாமல் மரமேறுகின்றன என்று திட்டித் தீர்த்திருக்கிறாய். அதை ஏசாதே அப்பா, வீட்டுக்கோழிக்குப் பாட்டனே அந்தச் சிவப்புக் காட்டுக்கோழிதான். அது ஒன்றுதான் மூதாதை என்றார் டார்வின். ஆனால் உன் பெட்டையின் காலைப் பார், மஞ்சள். அந்த மரபணு தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். நம் தாத்தாமாருக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிய சரக்கு! தாய், தகப்பன் இருவரிடமும் வாங்கினால்தான் மஞ்சள் வெளியே தெரியும். காட்டுச் சேவலிடம் அது கிடையாது, அதனால் உன் கலப்புக் குஞ்சுகளுக்கு மஞ்சள் கால் இருக்காது என்பது என் கணக்கு. பார்த்து எழுது.

எனக்கு இதைவிடப் பிடித்தது பழைய எலும்புக் கதை. முட்டையிடுவதோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் டி.எஸ்.எச்.ஆர். என்ற மரபணுவின் ஒரே வடிவம் இன்றைய கோழிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. அப்படியானால் கோழியைப் பழக்கிய காலத்திலேயே மனிதன் தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். ஐரோப்பாவில் தோண்டியெடுத்த எலும்புகளை அரைத்து டி.என்.ஏ. பார்த்தால் கதையே வேறு. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கோழிகளில் இரண்டு வடிவமும் கலந்து கிடந்தன. இன்றைய வடிவம் தலையெடுத்தது கி.பி. 900-ஐ ஒட்டித்தான். நாற்கால் பிராணிகளின் இறைச்சி கூடாத கிறிஸ்தவ விரத நாள்களில் கோழிக்கும் முட்டைக்கும் தடையில்லாததால் கிராக்கி ஏறியிருக்கலாம் என்கிறார்கள். மஞ்சள் கால் அங்கே பெருகியதோ கடந்த 500 ஆண்டுகளுக்குள். இன்றைய கோழியை மட்டும் வைத்து ஆதிகாலத்தைக் கணித்தவர்கள் நன்றாக ஏமாந்தார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கோழி வீட்டுக்கு வந்தது நம் பக்கத்தில்தான். தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் கி.மு. 1650–1250 காலத்தவை. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் தானியம் பொறுக்க வந்து ஒட்டிக்கொண்டது என்கிறது 2022-இல் வந்த ஆய்வு. ஆனால் இந்த வெயிலும் ஈரமும் எலும்பில் டி.என்.ஏ.வைச் சீக்கிரம் சிதைத்துவிடும். எலும்பின் உருவத்தையும் வயதையும் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பேரனையும் கூட்டி வா, ரதம் பார்க்கட்டும். முந்தின நாளே வந்துவிடு. பூசத்தன்று பாலத்தில் நெரிசல் தாங்காது.

அன்புடன்,
சுப்பையா