பதற்றத்தில் கேட்கும் துவக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கலவர காலங்களில் அமெரிக்கர்கள் துப்பாக்கி வாங்க விரைவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். 2020இல் கொரோனாவும் கறுப்பினத்தவரான ஜோர்ஜ் புளொயிட் பொலிஸாரால் கொல்லப்பட்டதை அடுத்த கொந்தளிப்பும் சேர்ந்துகொள்ள, அங்கு துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் 3.9 கோடியைத் தாண்டின. அவர்களுக்கு அது அரசியலமைப்பு உரிமை. இலங்கையில் நமக்கோ அனுமதிப்பத்திரத்தால் கிடைப்பது. பயம் மட்டும் ஒன்றுதான். போர் நடந்த 1990இல், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊரில், "வீட்டில் ஒரு துவக்கு இருந்திருந்தால்..." என்று சொல்லாதவர் இல்லை. ஆனால், யானை விரட்டப் பழைய துவக்கு வைத்திருந்த அயலவரின் கதவைத்தான் ஆயுததாரிகள் முதலில் தட்டினார்கள்.

தற்பாதுகாப்புத் துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024இல் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. அத்தகைய மீளாய்வை அமைதியான காலத்திலேயே, ஆண்டுதோறும், மாவட்ட மட்டத்தில் நடத்த வேண்டும். பதற்றம் நிலவும் நாட்களில் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வெல்லாவெளி, மட்டக்களப்பு