பன்னிரண்டு கால் காட்டெருமைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கோத்தகிரி மக்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நாற்பதடி நடந்து, ஈரப்புல்லில் வழுக்கி, வலப்பக்கச் சங்கிலி கழன்று நின்றுபோன அந்த ஒன்பதடி ரோபோ காட்டெருமை எங்களுடையதுதான். நோட்டீஸில் ஐம்பதடி என்று போட்டிருந்தோம். மீதிப் பத்தடிக்கு மன்னிக்கவும். ஜாக்கி வைத்துத் தூக்கி பிக்கப்பில் ஏற்றிவிட்ட டாக்ஸி ஸ்டாண்டு அண்ணன்மாருக்கு முதல் நன்றி.

கால்களின் கணக்கு எங்கள் மூளையில் உதித்ததல்ல. நெதர்லாந்துக்காரர் தியோ யான்சென் 1990 முதல் கடற்கரையில் காற்றாலேயே நடக்கும் உருவங்களைச் செய்துவருகிறார். அவருடைய நீள விகிதங்களைத்தான் எடுத்துக்கொண்டோம். சுழன்று காலை அசைக்கும் கிராங்க் கம்பி 15 என்றால், மூட்டிலிருந்து பாதத்துக்கு இறங்கும் கம்பி 65.7. நாங்கள் இரண்டால் பெருக்கி சென்டிமீட்டரில் வெட்டினோம். 131.4 என்றதும் வெல்டிங் பட்டறை அண்ணன் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்த பாயிண்ட் நாலை விட்டுடலாமா?" என்றார். கூடவே கூடாது என்று பெரிய மனிதர்கள்போல் சொன்னோம். அப்புறம் முதல் காலுக்கு நாங்களே துளை போட்டு, அரை சென்டிமீட்டர் தவறவிட்டோம். கால் நொண்டியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரும்புப் பட்டையில் அளந்து ஒரு ஜிக், அதாவது துளை எப்போதும் ஒரே இடத்தில் விழவைக்கும் அச்சு, செய்து கொடுத்தார். மற்றப் பதினொரு கால்களும் அதில் வைத்துத் துளையிட்டவை.

எருமைக்கு எதற்குப் பன்னிரண்டு கால் என்று கேட்ட குட்டிப்பையனுக்கு: பக்கத்துக்கு மூன்று கிராங்க், ஒவ்வொன்றும் 120 டிகிரி தள்ளி; ஒரு கிராங்குக்கு இரண்டு கால். அதனால் எந்த நேரமும் சில பாதங்கள் தரையில் இருக்கும். நான்கே கால் என்றால் சாய்ந்துவிடும், கண்ணா.

குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். ராத்திரி அதைக் கடைக்குள் வைக்க இடம் தந்த டீக்கடை அக்காவுக்கும், எருமைக்குக் குரல் கொடுக்க ஸ்பீக்கர் வைக்கப் போனபோது "நிஜ மாடு வந்து நின்னா நீங்களா பேசுவீங்க?" என்று தடுத்த வனக்காவலர் ஐயாவுக்கும் நன்றி.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுப் பாட்டியைச் சொல்லாமல் முடியாது. கோணிச்சாக்குத் தோல் போர்த்திப் பெருமையாக நின்றோம். பாட்டி ஒரே பார்வைதான்: "முட்டிக்குக் கீழே வெள்ளையா இருக்குமே, அது எங்கே?" அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து, பன்னிரண்டு காலுக்கும் தானே சுற்றிவிட்டார்.

பட்டறை அண்ணே, ஜிக் எங்களிடம்தான் இருக்கிறது. வழுக்காத பாதம் செய்ததும் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
எருமை செய்த பிள்ளைகள்