வசூல் அட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் நன்கொடை வசூல், கடன், வட்டி என்று பிள்ளைகளை ஏன் பண விவகாரத்தில் இழுக்கிறீர்கள், படிக்க விடுங்கள் என்று கேட்டிருந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தாயின் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிரேயர் முடிந்ததும் கால் மணி நேரம் உருக்கமாகப் பேசிவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வசூல் அட்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். அட்டையில் இருபது கட்டங்கள். அத்தனையும் நிரப்பினால் சான்றிதழ். அதிகம் வசூலித்தவருக்கு மெடல். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றே நாளில் முழு அட்டையையும் நிரப்பிக் கொண்டுவந்தாள். எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்து. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மகள் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனியக் கூடாது என்று, கூலி வேலைக்குப் போகும் அவள் அப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி நிரப்பியிருக்கிறார். யாருக்கோ உதவி செய்யப் போய் அந்த வீட்டில் ஒரு கடன் ஏறிவிட்டது. அந்தப் பணம் எந்த ஊருக்குப் போனது, யாருக்கு என்ன வாங்கினார்கள் என்று பள்ளிக்கு ஒரு வரிகூட வரவில்லை. அவள் மெடல் வாங்கிய அன்று மேடைக்குக் கீழே நின்று நானும் கைதட்டினேன். விவரம் தெரிந்த பிறகு பல நாள் தூக்கமில்லை.

கொடிநாள் கொடியும் காசநோய் நிதிக்காக விற்கும் ஒட்டு வில்லையும் நாங்கள் படித்த காலத்திலேயே பள்ளிக்கு வந்தவைதான். சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புத் திட்டத்தில் ஐந்தும் பத்துமாகச் சேர்த்தோம். சேமிக்கும் பழக்கம் வந்தது, நல்லது. ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு, எதற்கு, கொடுத்த பிறகு அது என்ன ஆயிற்று என்ற பேச்சு எந்த வகுப்பிலும் நடந்ததில்லை. வாங்கி வா என்றார்கள், வாங்கி வந்தோம். 2018 கேரள வெள்ளத்தின்போது, சைக்கிள் வாங்க நான்கு வருடமாக உண்டியலில் சேர்த்ததை அப்படியே எடுத்துக் கொடுத்த விழுப்புரத்துச் சிறுமியை நாடே பாராட்டியது. அவளுக்கு யாரும் அட்டை கொடுக்கவில்லை. டிவியில் பார்த்தாள், அவளே முடிவெடுத்தாள். பிள்ளைகளால் முடிவெடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அட்டை விவகாரத்துக்கு அடுத்த வருடம், பிளஸ் ஒன் வணிகவியல் பிரிவில் வேறு மாதிரி செய்து பார்த்தோம். ஆண்டு விழாவில் சுண்டலும் எலுமிச்சைச் சாறும் விற்றதில் செலவு போக 4,260 ரூபாய் நின்றது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்டேன். உடனே வந்த பதில் அனாதை இல்லத்துக்கு அன்னதானம். சரி, பாதியை அதற்கு வைத்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பி வருகிற மாதிரி யாருக்காவது கொடுத்தால் என்ன என்றேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரம் முழுக்க மொய் விருந்துதான். கறி விருந்து போட்டு, வந்த மொய்யை நோட்டில் எழுதி, அந்தப் பணத்தில் போர்வெல் போடுவார்கள், கடை வைப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் பழைய மொய்யோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் புது மொய்யாக நோட்டில் ஏறும்.

"அப்ப நெல்லிக்காய் அக்காவுக்குக் கொடுக்கலாம் டீச்சர்" என்றாள் ஒரு பெண்.

பள்ளி வாசலில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கிற அந்த அம்மாவைப் பத்து வருடமாகப் பார்த்து வந்தேன். அவர் எப்படி முதல் போடுகிறார் என்று கேட்டதில்லை. பிள்ளைகள் கேட்டார்கள். காலையில் சந்தையில் ஒருவரிடம் 900 ரூபாய் வாங்குவாராம், சாயங்காலம் 1,000 ரூபாயாகக் கொடுக்க வேண்டுமாம். வகுப்பில் கணக்குப் போட்டோம். நாளைக்கு நூறு, மாதம் 26 நாள் என்றால் 2,600 ரூபாய் வட்டி. முதல் வெறும் 900. தனிவட்டி, கூட்டுவட்டி என்று எத்தனையோ வருடம் போர்டில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி வகுப்பு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

2,000 ரூபாய், வாரம் நூறாக இருபது வாரம், வட்டி இல்லை என்று முடிவானது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்பதால், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத்தான் பணம் போயிற்று. அந்தச் சட்டத்தை நடத்த எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. கணக்கு எழுதியது மட்டும் பிள்ளைகள், ஒரு நாற்பது பக்க நோட்டில்.

அரையாண்டு விடுமுறை வந்தது. பள்ளி திறந்ததும் பார்த்தால் தவணை நின்றிருந்தது. "ஏமாத்திட்டாங்க டீச்சர்" என்றான் ஒருவன். இன்னொருத்தி எழுந்து, "நாம லீவுல இருந்தா அக்காவுக்கு யாவாரம் ஏது?" என்று கேட்டாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நோட்டில் அவர்களே எழுதினார்கள்: லீவு வாரம் கணக்கில் சேராது. மழை பெய்த வாரத்துக்கு என்ன செய்வது என்று அடுத்த விவாதம் ஆரம்பித்தது.

இந்த ஒரு வரியை எழுதத் தெரியாமல் பெரிய பெரிய நிறுவனங்கள் தடுமாறியிருக்கின்றன. 2010-இல் ஆந்திராவில் குறுங்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக் கெடுபிடியில் பெண்கள் தற்கொலை செய்துகொள்ள, மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. நம் மாநிலத்திலும் கடன் வசூல் மிரட்டலைத் தடுக்க 2025-இல் சட்டம் வந்திருக்கிறது. குழுவுக்குக் கட்ட வேண்டிய நாளில் அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் குழந்தைகளோடு தீக்குளித்ததை இவர்களும் பார்த்திருப்பார்கள். பண விவகாரம் நாம் இழுத்துத்தான் பிள்ளைகளிடம் வர வேண்டும் என்றில்லை அம்மா. அது ஏற்கெனவே அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

குறுங்கடனின் கதையே ஒரு கல்லூரி மாணவியின் பட்டியலோடு சேர்ந்ததுதான். 1970-களில் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்திய முகமது யூனுஸ், பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்துக்குப் போகிறார். மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண், வியாபாரியிடம் 5 டாக்கா (அந்த நாட்டுப் பணம்) கடனாக வாங்கி, செய்த முக்காலியை அவரிடமே விற்று, நாள் முடிவில் அரை டாக்கா மிச்சம் பார்க்கிறார். இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு மாணவியை அனுப்பிப் பட்டியல் எடுக்கச் சொல்கிறார் யூனுஸ். 42 பேர், எல்லாருடைய கடனும் சேர்த்து 856 டாக்கா, அன்றைய மதிப்பில் 27 டாலர். பின்னால் ஏழைகளுக்குக் கடன் கொடுக்க அவர் தொடங்கிய கிராமீன் வங்கி வந்ததும், 2006-இல் நோபல் பரிசு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய அந்தப் பட்டியலைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

இப்போது இணையத்திலேயே கடன் கொடுக்க வழி இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிவா என்ற இணையதளம் மூலம் அங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடச் சேர்ந்து 25 டாலர் திரட்டி, எங்கோ ஒரு நாட்டில் தையல்காரருக்கோ விவசாயிக்கோ அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுப்புகிறவருக்கு வட்டி இல்லையே தவிர, இடையில் இருக்கும் உள்ளூர் நிறுவனம் கடனாளியிடம் பெரும்பாலும் வட்டி வாங்குகிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் நாட்டிலும் ரங் தே போன்றவை 2008 முதல் இருக்கின்றன. என்னைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசலில் இருக்கும் ஆளே போதும். முகம் தெரியும், மழை தெரியும், லீவும் தெரியும்.

தானத்துக்கும் இதே கேள்விதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, வெளி மாவட்டப் பள்ளிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்தது. அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்த மூட்டைகள் எங்கள் பள்ளி ஹாலில் மாதக்கணக்கில் கிடந்தன. ஊருக்குத் தேவைப்பட்டது தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பெண்களுக்கு நாப்கின். ஒரே ஒரு பள்ளிப் பிள்ளைகள் மட்டும் போன் செய்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார்கள். வண்டியை இறக்கும்போதே எல்லாம் தீர்ந்துவிட்டது.

ஆகவே அந்தத் தாய்க்கும், தலைமை ஆசிரியர்களுக்கும் நான் கேட்பது கொஞ்சம்தான். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று பிள்ளையின் பேரைப் போட்டுப் போட்டி வைக்காதீர்கள். வீட்டில் கேட்டு வாங்கி வரச் சொல்லாதீர்கள். ஏதாவது செய்து விற்றுச் சம்பாதிக்கட்டும். உதவி வாங்குகிற பிள்ளையை மேடையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். வெளி நிறுவனம் வந்தால், கணக்கு திரும்பி வருமா என்று முதலில் கேளுங்கள். பணத்தைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அந்த நெல்லிக்காய் அக்கா இருபது தவணையையும் கட்டி முடித்த அன்று, மேலே இன்னொரு நூறு ரூபாயை நீட்டினார். வட்டி வாங்க மாட்டோம் என்று பிள்ளைகள் மறுத்தார்கள். "வட்டியா? மொய்டா. எனக்கு நாளைக்கு ஒண்ணுன்னா நீங்க செய்ய மாட்டீங்களா?" என்றார் அவர். வாங்கலாமா கூடாதா என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் பேருக்கு நேரே எழுதினார்கள்: புது மொய், ரூ. 100. நாம் செய்ய வேண்டியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.