அந்தமானா, அகத்தியா?

மண்டபம்,
ஐப்பசி 18

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் ஆடியில் வந்தது. இன்றைக்கு ஐப்பசி பதினெட்டு. இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு என்னைத் திட்டலாம், ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் வீட்டுச் சேதி. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பியூலா பேரன் பிறந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. உனக்குப் போட்டாள் என்று கேள்விப்பட்டேன், அதை நேரில் பேசிக்கொள்கிறேன். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வாடை மட்டும் வந்துவிட்டது. வடகடல் இரைச்சல் ராத்திரி படுக்கை வரைக்கும் கேட்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் தென்கடல் பக்கம் படகை மாற்றிக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நீ ஒரே வரியில் கேட்டிருந்தாய்: "குளிர்கால லீவுக்கு அந்தமானா, லட்சத்தீவா? கடற்கரைக்காரி நீ சொன்னால் சரி." பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். குற்றாலத்தில் எந்த அருவி என்று முடிவு செய்ய நீ எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு மறக்கவில்லை, அதனால் என்னிடம் விட்டதே நல்லது. ஆனால் உன் கடிதம் வந்தபோது எனக்கு உண்மையாகவே எதுவும் தோன்றவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இன்னொரு கடலைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன். இப்போது எனக்கு அகத்தி போயே ஆக வேண்டும். லட்சத்தீவு அகத்தி. ஏன் என்று சொல்கிறேன்.

புரட்டாசியில் எங்கள் வடக்குச் சுவரின் பூச்சு உப்பரித்துப் பொருபொருவென்று உதிர்ந்தது. கொத்தனார் வந்து தட்டினார். ஒரு ஆள் உயரத்துக்குப் பூச்சு மொத்தமும் கழன்று விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை, பவளக்கல். அப்பா கட்டிய வீடு, கல் என்னவென்று எனக்குத் தெரியும்தான். ஆனால் நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை. ஒன்று மூளை மாதிரி வளைந்து வளைந்து ஓடுகிற வரி. ஒன்று முழுக்க நட்சத்திரக் குழிகள், ஊசியால் குத்திக் கோலம் போட்டதுபோல. இன்னொன்றில் ஒரு சிப்பி அப்படியே பதிந்து கிடக்கிறது. கொத்தனார் இரண்டு கல்லைப் பெயர்த்துக் குப்பையோடு போட்டார். நான் ஓடிப் போய் எடுத்துக் கழுவினேன். அப்போது அழுகை வந்தது ராஜி. கொத்தனார் பயந்தே போனார்.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று விடுதியில் நீ கேட்டபோதெல்லாம் "கடல் வேலை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் மீன்பிடிக்கப் போகவில்லை. கல் வெட்டப் போனார். வத்தையில் தீவுப் பக்கம் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று கடப்பாரையால் பாரை, பவளப்பாறையைத்தான் இங்கே பார் என்போம், பெயர்த்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். நல்ல கல் வீட்டுக்குப் போகும், மற்றது சுண்ணாம்புக் காளவாசலுக்கு. அந்தக் காலத்தில் அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், உன் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்தேன்.

கடைசி வருஷங்களில் ஒரு தடவை அவராகவே சொன்னார்: "அது உசுருள்ள கல்லும்மா. வெட்டுறப்ப கையில கொழகொழன்னு ஒட்டும். கரையில போட்டா ரெண்டு நாள் நாறும், அப்புறம்தான் வெளுக்கும்." அவ்வளவுதான் சொன்னார். நான் முப்பது வருஷம் பவளப்பாறைப் பாடம் நடத்தியவள். ஒரு துளி உயிர், அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி, வெயிலில் அந்தப் பாசி சமைத்துக் கொடுக்கும் உணவு, தலைமுறை தலைமுறையாக அது கட்டும் சுண்ணாம்புக் கூடு. எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வகுப்புக்கு எடுத்துப் போனதெல்லாம் கரையில் பொறுக்கிய வெள்ளைக் கல். கொழகொழப்பைத் தொட்டவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை.

இங்கேயே பார்க்கலாமே என்று நீ கேட்பாய். பார்க்கலாம். இங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பாரை வெட்டி வெட்டித்தான் அலை தீவைத் தின்றது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள், ஆராய்ச்சிக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். 2001ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்த பிறகுதான் வெட்டு மெல்ல மெல்ல நின்றது. ஒரு தடவை கண்ணாடி அடிப் படகில் போனேன். கச்சான் காற்று நேரம், தண்ணீர் கலங்கல், கடல் புல்தான் தெரிந்தது. மறுபடி போகலாம், போவேன். ஆனால் முதலில், கடப்பாரை அதிகம் படாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

லட்சத்தீவு முழுக்கவே பவளம்தான். பவளம் தீவைச் சுற்றி இருக்கிறது என்பதில்லை, தீவே அதுதான். கடலடி எரிமலை மெல்ல அமிழ்ந்துகொண்டே போக, அதன் விளிம்பில் பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்து வளையமாக நின்றுவிடும் என்று டார்வின் 1842லேயே எழுதினார். அந்த வளையத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கிற 'அடோல்' (atoll) என்ற பேரே, லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் இன்றும் பேசுகிற மொழியிலிருந்து போனது. 36 தீவுகள், ஆள் குடியிருப்பது பத்தில். எல்லாத்தையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான், நம் ராமேஸ்வரம் தீவைவிடச் சின்னது. மணல்கூட நம்ம மணல் இல்லை. கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று கழித்த வெள்ளைத் தூள் அதில் பெரும்பங்கு. மணலைத் தோண்டினால் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் ஊறும். தனுஷ்கோடியில் கையால் பறித்த ஊற்றில் நீ குடித்தாயே, அதே கதைதான். நீ ஆசை ஆசையாய் என்னிடம் வாங்கிப் போகிற மாசி இருக்கிறதே, சூரையை அவித்து, புகை போட்டு, காயவைத்து அதைச் செய்வதில் மினிக்காய்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

இனி உன் அந்தமான். அண்ணனுக்கு செல்லுலார் சிறை பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நியாயமான ஆசை. 1896ல் தொடங்கி 1906ல் கட்டி முடித்தார்கள், ஏழு கிளைகளில் இன்று மூன்றுதான் மிச்சம். ஒவ்வொருவரும் போய் நிற்க வேண்டிய இடம், அதில் எனக்கு வாதம் இல்லை. வசதியும் அங்கேதான் அதிகம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அனுமதிச் சீட்டுத் தொல்லை இல்லை, கடைத்தெருவில் தமிழே போதும், தங்க எத்தனையோ இடம். ராதாநகர் கடற்கரையைப் பார்த்தவர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பெயர்களைத்தான் மாற்றிப் பழக வேண்டும்: போர்ட் பிளேர் 2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் 2018லிருந்து ஸ்வராஜ் தீவு. பவளமும் உண்டு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே போனால் ஜாரவா என்கிற பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போகும் பயணத்துக்கு நான் வரமாட்டேன். சுண்ணாம்புக் குகை என்று சொல்லித்தான் கூட்டிப் போவார்கள், பாதிப் பேர் கண்ணாடி வழியாக மனிதரைத் தேடுகிறார்கள். அது பாவம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நீ மார்கழி என்று எழுதியிருக்கிறாய். "தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைத் துடைத்த புயலும் அங்கேதான் உருவானது. அரபிக்கடலும் சாது இல்லை, 2017 டிசம்பரில் ஒக்கி புயல் மினிக்காயையும் கல்பேனியையும் என்ன பாடு படுத்தியது என்று நினைத்துப் பார். அதனால் எந்தத் தீவானாலும் மார்கழி வேண்டாம். பொங்கல் முடியட்டும், தையில் போவோம். கடல் தணிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். அரையாண்டு லீவுக்குப் பேரனைக் கூட்டிப் போகலாம் என்று நீ நினைத்திருப்பாய், அது ஒன்றுதான் இடிக்கிறது. அவனை மேயில் இங்கே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனின் முழங்காலை நான் மறக்கவில்லை. கொச்சியிலிருந்து கப்பலில் போனால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டாது, அலையில் ஆடுகிற சின்னப் படகுக்கு மாறி இறங்க வேண்டும். அது அவருக்கு வேண்டாம். அகத்தியில் விமானம் இறங்குகிறது, கொச்சியிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். சின்ன விமானம், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால்தான் இப்போதே முடிவு செய்யச் சொல்கிறேன். அங்கே பவள வளையத்துக்குள் கடல் குளம் மாதிரி கிடக்கும். அவர் கண்ணாடிப் படகில் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும்.

நான் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. என்னிடம் படித்த ஒருத்தி இப்போது கடல்பாசி எடுக்கிற வேலைக்குப் போகிறாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்குகிற பெண்களில் ஒருத்தி. அவளிடம் போய், "எனக்குத் தண்ணிக்குள்ள முகம் வைக்கச் சொல்லிக் குடு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "வாங்க டீச்சர்" என்று தென்கடலில் இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப் போனாள். முதல் நாள் மூச்சு முட்டியது. நாலாம் நாள் ஒரு சின்ன மீன் என் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றது. அறுபது வயதில், ராஜி! வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை. கடல் சில வாரம் அளவுக்கு மீறிச் சுட்டால் பவளம் தன் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். லட்சத்தீவில் 1998ல், 2010ல், 2016ல், மறுபடி 2024ல் வெளுத்தது. இங்கும் சூட்டில் வெளுத்திருக்கிறது. அப்பா கையால் வெட்டினார், இப்போது வெட்டாமலே சாகிறது. மிச்சம் இருக்கும்போது அதன் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்தமானுக்கு அடுத்த தையில் வருகிறேன், சத்தியமாக. சிறைச்சுவர் காத்திருக்கும்.

சம்மதமானால் நாலு பேருக்கும் ஆதார் நகலும் போட்டோவும் அனுப்பு, அனுமதிச் சீட்டுக்கு நாள் ஆகும். உன் கண் பவரையும் எழுது, அதற்கு ஏற்ற நீர்க்கண்ணாடி கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.

பெயர்த்த கல்லைத் திரும்பச் சுவரிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். ஒரு முழம் மட்டும் பூசாமல் விடுங்கள் என்று கேட்டேன். உப்புக் காற்று அரித்துவிடும் என்கிறார் கொத்தனார். வருகிற சனிக்கிழமை பூச வருகிறார். அதற்குள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தால் நீயும் பார்க்கலாம். பாம்பன் பாலம் இல்லை, ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை என்று இரண்டு வருஷம் சாக்குச் சொன்னாய். நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறோம்! அப்போதும் பல ரயில் மண்டபத்தோடு நின்றுதான் திரும்பின. இப்போது புதுப்பாலமும் திறந்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி ஏறு. மாசிச் சம்பல் அரைத்து வைக்கிறேன்.

உன்,
கனகா